விஷப் பால் பூசிய தூண்டில் கழி!

தொட்டால் உடம்பு தடித்துவிடும். அரிப்பு நாள்கணக்கில் நீடிக்கும். அப்படிப்பட்ட மரத்தின் பாலைத்தான் ஜப்பான் நாட்டுத் தொழிலாளர்கள் தூண்டில் கழிக்குப் பூசுகிறார்கள்!

வகயாமா மாநிலத்தில், கோயா மலை அடிவாரத்தில் இருக்கிறது ஹஷிமோட்டோ. மூங்கில் தூண்டில் கழிக்குப் பேர்போன ஊர். "ஹெரா" என்ற நன்னீர் மீனைப் பிடிக்க இங்கே கழி செய்கிறார்கள். (பிடித்த மீனை யாரும் குழம்பு வைப்பதில்லை. மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். எல்லாம் பொழுதுபோக்கு!)

கழி ஒரே மூங்கில் அல்ல. மூன்று, நான்கு துண்டுகள். ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைச் செருகினால் நீளக் கழி. கழற்றினால் பைக்குள் அடங்கிவிடும்.

அந்த வாயில்தான் ஆபத்து. மீன் இழுக்கும்போது கழி வில்லாக வளையும். உள்ளே செருகிய துண்டு வெளித் துண்டைப் பிளக்கப் பார்க்கும். மூங்கிலின் நார் நீளவாக்கில் ஓடுவது. ஓர் இடத்தில் விரிசல் கண்டால் மளமளவென்று பிளந்துகொண்டே போகும்.

அதைத் தடுப்பது மெல்லிய பட்டு நூல்! வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதுபோல, மூங்கிலின் வாயைச் சுற்றி, இடைவெளி தெரியாமல் இறுக்கிச் சுற்றுகிறார்கள்.

நூல் மட்டும் போதுமா? போதாது. தண்ணீரில் ஊறும். நகம் பட்டால் பிசிறும். ஒரு சுற்று அறுந்தால் மற்றவையும் அவிழும். அப்புறம் மூங்கிலும் போச்சு, மீனும் போச்சு!

ஈரத்தில் காயும் அதிசயம்

நூலைக் காப்பதற்குத்தான் அந்த விஷப் பால். "உருஷி" என்ற மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கிறார்கள். மரம் 10 முதல் 15 ஆண்டு வளரவேண்டும். ஒரு பருவம் முழுவதும் கீறினாலும் ஒரு மரத்தில் கிடைப்பது சுமார் 200 கிராம்தான்.

மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இதே குடும்பத்து மரங்கள். முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கையைப் பொசுக்கும் எண்ணெய், சலவைத் தொழிலாளர் துணியில் குறிபோட்ட சேங்கொட்டைச் சாறு இரண்டும் உருஷிக்கு உறவு.

முதல் பூச்சு நூலுக்குள் இறங்கி மூங்கிலோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடியும் பூச்சு. இப்படிப் பல தடவை!

வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைக்கிறீர்களா? காயாது! இதற்கு ஈரக் காற்று வேண்டும். 20 முதல் 25 டிகிரி வெப்பம், நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு ஈரம். இதற்கென்றே தனி அலமாரி உண்டு. ஈரம் இருந்தால்தான் பால் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு இறுகும். நம் வீட்டுத் துணி காயாத மழை நாளில் இது காயும்!

அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேலே தோல்போலச் சுருங்கிவிடும். சுரண்டிவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான்.

நன்றாக இறுகிய பூச்சு கையை அரிக்காது. தண்ணீர் உள்ளே போகாது. சாராயத்திலும் கரையாது. அதற்குப் பெரும் பகை வெயில்தான்.

1970-களில் கார்பன் கழிகள் வந்தன. லேசானவை. மூங்கில் கழிக்குக் கிராக்கி குறைந்தது. வெட்டுவது முதல் பூசுவது வரை எல்லாவற்றையும் ஒருவரே செய்யும் தொழில் இது. கற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆகும். இளைஞர்கள் எப்படி வருவார்கள்? 2013-இல் ஜப்பான் அரசு இதைப் பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது.

நூல் தேய்ந்த பழைய கழிகளும் பட்டறைக்குத் திரும்பி வருவதுண்டு. பழைய நூலைச் சுரண்டி எடுத்து, புதுப் பட்டு சுற்றி, பால் பூசி, மறுபடியும் ஈர அலமாரிக்குள் வைக்கிறார்கள்.