பிள்ளை கழற்றிய ரேடியோ

ரேடியோவைக் கழற்றி, திருகாணிகளைப் பாய் முழுக்கப் பரப்பி வைக்கும் மகன் உங்கள் வீட்டிலும் இருக்கிறானா? ஏசுமுன் இதை வாசியுங்கள், சகோதரிகளே!

கிண்ணியாவிலும் மூதூரிலும் கூரைமேல் நிற்கும் டிஷ் அன்டெனா ஏன் எப்போதும் ஒரே பக்கம் பார்க்கிறது? பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி சுழலும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். இப்படிச் செய்மதிகளை நிறுத்தி உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் கிளார்க். அவர் நமக்கு அந்நியரல்லர். 1956இல் திருகோணமலைக் கடலில் சுழியோடி, கோணேசர் மலையடியில் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்களுள் ஒருவர். 2008இல் கொழும்பில் காலமானார்.

அவருடைய பிள்ளைப் பருவத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீடு. 13 வயதில் தந்தை மறைந்தார். பண்ணையும் நான்கு பிள்ளைகளும் தாய் நோராவின் தலையில். மூத்தவனோ அட்டைக் குழாயிலும் பழைய வில்லைகளிலும் தொலைநோக்கி செய்து, நிலவைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தான்! அந்தத் தாய் ஏசியிருந்தாலும் நியாயம்தான். ஆனால் அவர் மணமாகுமுன் தந்தி அனுப்பும் வேலை பார்த்தவர். மகனின் சாமான்கள் அவருக்குக் குப்பையாகத் தெரியவில்லை போலும். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வசதியில்லை. 18 வயதில் மகன் லண்டனுக்குக் கணக்காய்வு வேலைக்குப் போனார். பட்டம் பெற்றது யுத்தம் முடிந்த பின், 1948இல்.

பற்றரியில் இயங்கும் பழுதான ரேடியோ, டோர்ச் இருந்தால் மகனுக்குக் கொடுங்கள், மகளுக்கும்தான்! பழைய பெட்டி டீவியை மட்டும் திறக்க விடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.