சொட்டு மருந்தும் குழந்தையின் குடலும்

"ஹஸ்ரத், சொட்டு மருந்து கொடுத்தும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டதே, பிறகு எதற்குக் கொடுக்க வேண்டும்?" ஆம்பூர்ப் பகுதித் தாய்மார்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடி நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து பெற்றும் இப்பகுதிக் குழந்தைகள் பலருக்குப் போதிய எதிர்ப்பு சக்தி உண்டாகவில்லை என்பதை 1970களில் அங்கே கண்டறிந்தவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். மேலை நாடுகளில் அதே மருந்து நன்றாகவே வேலை செய்தது. ரோட்டா வைரஸ் மருந்திலும் இதே கதைதான். டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்து 2014ல் வெளியான ஆய்வில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது பாதிக்குச் சற்று மேல்தான் தடுத்தது.

ஏன் இப்படி? உடலின் எதிர்ப்பு அணுக்களில் ஏராளமானவை குடல் சுவரை ஒட்டியே இருக்கின்றன. யார் நண்பன், யார் பகைவன் என்று அவற்றுக்குப் பழக்கிக் கொடுப்பவை குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள். நாம் உண்ணும் நார்ச்சத்தைப் புளிக்க வைத்து அவை உண்டாக்கும் அமிலங்கள் குடல் சுவருக்கு உணவாகின்றன. எதிர்ப்பு அணுக்கள் தேவையின்றிக் கொதிப்பதையும் அடக்குகின்றன. அசுத்தமான தண்ணீர் வழியே கிருமிகள் ஓயாமல் வந்தால் குடல் எப்போதும் போர்க்களமாகவே கிடக்கிறது. அந்த அமளியில் சொட்டு மருந்தின் பாடம் சரியாகப் பதிவதில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் கிருமிகளை மருந்தால் கொன்றுவிட்டால் போதாதா? அதையும் வேலூரில் சோதித்தார்கள். போலியோ சொட்டுக்கு முன் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்தார்கள். கெட்ட பாக்டீரியாக்கள் குறைந்தன. போலியோ எதிர்ப்பு சக்தியோ கூடவில்லை. 2016ல் வெளியான முடிவு இது. மெடிக்கல் ஷாப்பில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டுகிறோமே, அது நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது.

தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. நல்ல பாக்டீரியாக்களுக்கே அது உணவு. இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனால் ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்பும் தாய்க்கு அதற்கு வழி செய்து தருகிறோமா என்பதை ஜமாஅத்தார் யோசிக்க வேண்டும்.

சகோதரியின் கேள்விக்கு வருவோம். மருந்து பலவீனமாகப் பதிகிறது என்று தெரிந்தபோது மருத்துவர்கள் அதைக் கைவிடவில்லை, தவணைகளைக் கூட்டினார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாக ஒருவர் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில்தான். ரோட்டா சொட்டு 6, 10, 14 வாரங்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று தவணையையும் தவறாமல் கொடுங்கள்.