சிறையிலிருந்து வந்தவருக்கு நம் கடையில் இடமுண்டா?

கடைக்கு ஆள் எடுக்கும்போது நாம் முதலில் விசாரிப்பது, "யாருடைய மகன்? எங்கே வேலை செய்தவன்?" என்பதைத்தான். சிறை சென்று திரும்பியவர் இந்த இரண்டாவது கேள்வியிலேயே தோற்றுவிடுகிறார். நீதிமன்றம் விதித்த தண்டனை முடிந்துவிட்டது. ஊர் விதிக்கும் தண்டனைக்குத்தான் முடிவில்லை. உழைக்க வழியில்லாதவர் பழைய கூட்டாளிகளையே தேடிப் போகிறார். அதன் நட்டம் ஒருநாள் நம் கடைவாசலுக்கும் வரும்.

இவ்விடயத்தில் சிங்கப்பூரிடம் நாம் கற்கலாம் என்பது என் கருத்து. கைதிகளுக்குத் தொழிற்பயிற்சியளித்து வேலையும் தேடிக்கொடுக்க அங்கு 1976இல் ஓர் அரச நிறுவனம் அமைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் சிறைத்துறையும் தொண்டு அமைப்புகளும் ஒரே வலையமைப்பில் இணைந்தன. 2004இல் 'மஞ்சள் ரிப்பன்' திட்டம் ஆரம்பமானது. திருந்தி வாழ விரும்புவோருக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கொடுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். அந்த அரச நிறுவனமும் 2020இல் அதே பெயரைச் சூட்டிக்கொண்டது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கு முதலாளி தனித்து விடப்படுவதில்லை. விடுதலைக்கு முன்பே பயிற்சி கொடுத்து வேலையும் தேடுகிறார்கள். வேலையில் சேர்ந்த பின்னரும் ஓர் அலுவலர் 12 மாதங்கள் வரை தொடர்பில் இருக்கிறார்.

1998இல் விடுதலையானோரில் நூற்றுக்கு 44 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் சிக்கினார்கள். அண்மைய ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்துள்ளது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் பலரும் சேர்ந்து சுமந்த சுமை இலகுவானது என்பதை மறுக்க முடியாது.

"காசுப் பெட்டியை எப்படி நம்பி ஒப்படைப்பது?" என நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் நாளே காசுப் பெட்டியை யாருக்கும் நாம் கொடுப்பதில்லையே! களஞ்சியத்தில், பொதி கட்டும் இடத்தில், பேக்கரியில் வேலை கொடுக்கலாம். நம்பிக்கை வளர வளரப் பொறுப்பும் வளரட்டும்.

ஊரின் வர்த்தக சங்கம் ஆள் எடுக்க விரும்பும் நான்கைந்து கடைகளின் பட்டியலை வைத்திருக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகம் அவரையும் குடும்பத்தையும் விசாரித்துக்கொள்ள ஒருவரை நியமிக்கட்டும். பிரச்சினை வந்தால் முதலாளி போய்ப் பேச ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. வேறு போக்கிடம் இல்லாதவர்தானே என்று சம்பளத்தைக் குறைக்காதீர்கள். மற்ற ஊழியர்கள் முன் பழையதைச் சொல்லிக்காட்டாதீர்கள். அவருக்குத் தேவை தர்மமல்ல, மாத முடிவில் உழைத்த காசோடு வீடு போகும் கௌரவம்.