கப்பல் நிற்கும் ஊர்

ஆப்பிரிக்காவின் பூகோளப் படத்தை எடுத்து, பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே பாருங்கள். காங்கோ மகாநதி பெரிய வளைவெடுத்து மேற்கே திரும்பும் அவ்விடத்தில் கிஸங்கானி என்னும் நகரம் இருக்கிறது.

தெற்கிலிருந்து லுவாலாபா என்ற பெயருடன் வரும் நதி, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏழு அருவிகளாக இறங்குகிறது. போயோமா அருவிகள் என்று அவற்றுக்குப் பெயர். கீழே தலைநகரான கின்ஷாஸாவிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் எதிர்நீரில் ஏறி வரும் கப்பல் இவ்விடத்துக்கு மேல் போக இயலாது. சரக்கை இறக்கியே தீரவேண்டும். சரக்கு இறங்கும் துறையில் சந்தை கூடுவதும், சந்தை ஊராவதும் இயல்புதானே! அருவியைச் சுற்றிக்கொண்டு போவதற்காக 125 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை ஒன்றும் 1906-ல் போடப்பட்டது.

இந்த அருவிகளின் பழைய உரிமையாளர்கள் வாகேனியா என்னும் செம்படவர்கள். பொங்கிச் சுழலும் நீரில் கனத்த மரங்களை நாட்டி, கூம்பு வடிவமான பெருங்கூடைகளை அவற்றில் கட்டி, வெள்ளத்தின் வேகத்தைக்கொண்டே மீன் பிடிக்கும் அவர்களுடைய சாமர்த்தியத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

அந்நியர்களின் கண் மீன்மேல் விழவில்லை. ஸான்ஸிபாரிலிருந்து வந்த திப்பு திப் என்ற வியாபாரி யானைத் தந்தத்தையும் அடிமைகளையும் தேடினான். 1877-ல் இவ்வழியே நதியோடு இறங்கிய ஸ்டான்லி, 1883-ல் இங்கே ஒரு நிலையம் அமைத்தார். அடிமை வியாபாரத்தை ஒழிப்பதே தமது நோக்கம் என்று உலகுக்கு அறிவித்திருந்தார் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட். அவர் 1887-ல் இப்பிரதேசத்துக்கு நியமித்த கவர்னர் யார் தெரியுமா? அதே திப்பு திப்தான்! பிறகு ரப்பர் ஆசை வந்தது. காட்டு ரப்பரைக் கொண்டுவராத கிராமங்களில் மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. உலகத்தின் கண்டனம் முற்றி, 1908-ல் மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய சர்க்காருக்குக் காங்கோ கைமாறிற்று.

ஸ்டான்லிவில் என்று வழங்கிய இந்நகரின் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த பாட்ரிஸ் லுமும்பா, 1960 ஜூன் 30-ல் காங்கோ சுதந்திரம் பெற்றபோது முதல் பிரதம மந்திரியானார். மறு ஜனவரியிலேயே அவர் கொல்லப்பட்டார். 1966-ல் ஸ்டான்லியின் பெயர் நீங்கி, ஊர் கிஸங்கானி ஆயிற்று.

பெயர் மீண்டது, அமைதி மீளவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ருவாண்டா, உகாண்டா என்னும் இரண்டு அண்டை நாட்டுப் படைகள் ஆறு நாட்கள் இந்நகரின் வீதிகளிலேயே தமக்குள் போர் புரிந்தன. இங்குள்ள வைர வியாபாரமும் அவற்றின் போட்டிக்கு ஒரு காரணம். மாண்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் ஊர் ஜனங்கள்.

தந்தம், ரப்பர், வைரம் என்று சரக்கு மாறியதேயொழிய, எடுத்துச் செல்லும் வழக்கம் மாறவில்லை. ஒரு தேசம் தன் கொடியை ஏற்றினால் மட்டும் போதாது. தன் துறைமுகத்தில் ஏறும் சரக்குக்கும் தானே எஜமானாக வேண்டும். கிஸங்கானி நமக்குக் கூறும் பாடம் இதுவே. வாகேனியா செம்படவர்களோ இன்றும் அருவியில் கூடை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.