துறையில் தனித்து விடப்பட்டவர்களுக்கு

துறைக் கூட்டம் பதினோரு மணிக்கு என்று மற்றவர்களுக்கு முதல் நாளே தெரியும். அவருக்கு மட்டும் பத்தே முக்காலுக்குச் சொல்வார்கள். ஆய்வு மாணவர்களைப் பிரித்துக் கொடுக்கும்போது அவர் பெயர் விட்டுப்போகும். "கோட்டாவில் வந்தவர்தானே" என்ற பேச்சு அவர் காதில் விழும்படியே நடக்கும். துறையில் ஒரே தலித்தாகவோ ஒரே பழங்குடியினராகவோ பணியாற்றும் ஆசிரியர் பலருக்கு இது அன்றாடம்.

சின்ன விஷயம்தானே?

தனித்தனியாகச் சொன்னால் எல்லாமே அற்பமாகத்தான் தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்ல முடிவதில்லை. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ், 1970-ல் இத்தகைய சிறு அவமதிப்புகளுக்கு 'மைக்ரோஅக்ரெஷன்' என்று பெயரிட்டார். ஒவ்வொன்றும் சிறியது; ஓயாமல் சேர்வதால்தான் ஆளை வீழ்த்துகிறது. "நீங்கள்தான் அதிகம் யோசிக்கிறீர்கள்" என்பவர்களை நம்பாதீர்கள்.

உடம்பு காட்டும் அறிகுறிகள்

ஞாயிறு மாலையே வயிறு பிசையும். தூக்கம் கெடும், தலை வலிக்கும், துறைத்தலைவரின் அழைப்பு வந்தாலே படபடக்கும். நாள்பட்ட மன அழுத்தம் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையோ சோர்வோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வேலையிடத்தில் நடப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் தூக்க மாத்திரை இதற்குப் போதாது.

அன்றே எழுதுங்கள்

தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள். இந்த ஐந்தையும் அன்று இரவே எழுதிவிடுங்கள். வாய்மொழியாக வந்த உத்தரவை, "தாங்கள் இன்று கூறியபடி..." என்று மின்னஞ்சலில் திருப்பி அனுப்பிப் பதிவாக்குங்கள். அரசு நிறுவனமானால், கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதனால்தான் உடனிருந்தவர்களின் பெயர் முக்கியம். பட்டியல் சாதியினர் தேசிய ஆணையத்திடமும், பழங்குடியினர் தங்களுக்கான தேசிய ஆணையத்திடமும் முறையிடலாம். எந்தப் புகாருக்கும் முன் ஒரு வழக்கறிஞரைக் கலந்தாலோசிப்பது நல்லது.

துணை தேடுங்கள்

வேறு துறையில், வேறு கல்லூரியில் இதே நிலையில் இருப்பவர்களோடு பேசுங்கள். ஆசிரியர் சங்கத்தை அணுகுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள்.

உடன் பணியாற்றுபவர்களே, கூட்டம் முடிந்தபின் தனியே வந்து ஆறுதல் சொல்வதைவிட, கூட்டத்திலேயே "இது தவறு" என்று சொல்லுங்கள்.

மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலவசச் சேவை அது, தமிழிலும் பேசலாம்.