செயின்ட் காலன்: கொள்ளை போனதும் கொண்டு வந்ததும்

திருடுபோன சுவடிகளுக்காக மூன்று நூற்றாண்டுகள் வாதாடிய ஒரு மடாலய நூலகம், இப்போது தானே பதில் சொல்லவேண்டிய நிலையில்.

வாசலில் நுழைந்ததும் காலணிகளின் மேலேயே பெரிய கம்பளிச் செருப்புகளை மாட்டிக்கொள்ள வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு மரத்தரையில் கீறல் விழக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கதவின் மேல் கிரேக்க எழுத்துகள்: ஆன்மாவின் மருத்துவசாலை. செயின்ட் காலன் நூலகத்துக்கு வரும் பயணிகள், பனிமேல் சறுக்குவதுபோல மெல்ல நகர்கிறார்கள்.

ஜூரிச்சிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் ஊர் இது. அயர்லாந்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் துறவி கால்லுஸ், சுமார் 612-இல் இங்கே காட்டுக்குள் குடில் அமைத்தார். 719-இல் ஓத்மார் அதை மடாலயமாக்கினார். 1805-இல் மடம் கலைக்கப்பட்டது. துறவிகள் போய்விட்டார்கள், 2,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் தங்கிவிட்டன. 1983-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சுவடிகள் தப்பியதற்கு ஒரு பெண்ணும் காரணம். 926-இல் ஹங்கேரியர்கள் படையெடுத்து வந்தபோது, முதலில் புத்தகங்களை அப்புறப்படுத்துங்கள் என்று மடாதிபதியிடம் சொன்னவர் விபொராடா. தன் அறையை விட்டு வெளியேற மறுத்த அந்தத் தவப்பெண் கொல்லப்பட்டார். 1047-இல் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அடுத்த கொள்ளையர் அந்நியர் அல்ல. 1712-இல் நடந்த உள்நாட்டுப் போரில் ஜூரிச், பெர்ன் படைகள் மடத்தைச் சூறையாடின. பின்னர் பெரும்பகுதி திரும்பி வந்தது. ஆனால் ஒரு பகுதிச் சுவடிகளும், ஆள் உயரத்தையும் தாண்டிய 16-ஆம் நூற்றாண்டு பூகோள உருண்டை ஒன்றும் ஜூரிச்சிலேயே நின்றுவிட்டன. மத்திய அரசு தலையிட்டு 2006-இல்தான் சமரசம் பிறந்தது. சுவடிகள் கடனாக வந்தன. அசல் உருண்டை ஜூரிச்சில் இருக்க, அந்த ஊர் தன் செலவில் செய்துகொடுத்த நகல் 2009-இல் செயின்ட் காலனுக்கு வந்து சேர்ந்தது.

வழக்கு இத்தோடு முடியவில்லை. இதே நூலகத்தில் பல காலமாகக் காட்சிக்கு இருந்து வந்தவள் ஷெப்பெனேசே. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எகிப்தியப் பூசாரி ஒருவரின் மகள். 19-ஆம் நூற்றாண்டில் பரிசுப் பொருளாக இந்த ஊருக்கு வந்த பதப்படுத்தப்பட்ட உடல். 2022-இல் சுவிஸ் நாடக இயக்குநர் மிலோ ராவ், அவளை எகிப்துக்கே அனுப்ப வேண்டுமென்று பகிரங்கமாகக் குரல் எழுப்பினார்.

இவள் போரில் கொள்ளையடிக்கப்பட்டவள் அல்ல என்பது உண்மை. ஆனால் வரச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்டதில்லை. தன் சுவடிகள் ஊர் திரும்ப வேண்டுமென்று மூன்று நூற்றாண்டுகள் கேட்ட நகரத்துக்கு இந்தக் கோரிக்கையின் நியாயத்தை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.