இணைப்பில்லா ஊரில் ஒரு நூலகம்

வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை எனப் பரந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. அவ்வாறிருக்க, இணையமின்றிப் படிக்கும் நூலகத்தைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும் கைப்பேசி இருப்பது வேறு. அதில் தடையின்றிப் படிக்க இயலுவது வேறு. சிறுமலையின் மறைவிலும் கொடைக்கானல் மலைச்சரிவிலும் அலைவரிசை தேய்ந்துபோகும் இடங்கள் உண்டு. மாதக் கட்டணம் தீர்ந்த அன்றே படிப்பும் நின்றுவிடும் வீடுகள் சமவெளியிலும் உண்டு. மாலை வகுப்பு நடத்தும் ஆயர் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தைக் காட்ட விரும்பினால், அதே பக்கம் முப்பது முறை வெளியிலிருந்து வரவழைக்கப்பட வேண்டியிருக்கிறது.

இக்குறையை நீக்க எழுந்ததே கிவிக்ஸ் என்னும் மென்பொருள். 2007-இல் தொடங்கிய இத்திட்டம், விக்கிப்பீடியா போன்ற பெருந்தொகுப்புகளை ஒரே கோப்பாகச் சுருக்கித் தருகிறது. கட்டுரைகள், படங்கள், சொற்களைத் தேடுவதற்கான அடைவு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களுடன் ஏறத்தாழ 100 கிகாபைட் ஆகும். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவோ ஒரு சிறு நினைவக அட்டையில் அடங்கிவிடும். நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதுமானது.

வலை வழங்கி என்னும் பெயர் நம்மை மிரட்ட வேண்டியதில்லை. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அதை எடுத்துக் கொடுக்கும் நிரலே வழங்கி. அது அமெரிக்காவில் இருப்பினும் அடுத்த அறையில் இருப்பினும் உலாவிக்கு ஒன்றே. 2012-இல் பிரித்தானியாவில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி இப்பணிக்குப் போதும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளுள் மூலையில் கிடக்கும் ஒன்றும் போதும். மின்கலம் நன்றாயிருந்தால் மின்வெட்டிலும் அது ஓடும். கிவிக்ஸின் வழங்கி நிரலை அதில் இயக்கி, ஒரு வைஃபை ரவுட்டருடன் இணைத்தால், பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் எண் முகவரியில் அறையிலுள்ளோர் யாவரும் ஒரே வேளையில் படிக்கலாம். ஒரு தொல்லை உண்டு: இணையம் இல்லையெனக் கண்ட கைப்பேசி, தானாகவே வெளி இணைப்புக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிடும்படி முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கருவியைக் காட்டிலும் கடினமானது தெரிவு. 2010-இல் மலையாள விக்கிப்பீடியர் 500 கட்டுரைகளைத் தெரிந்தெடுத்துக் குறுந்தகடாக வெளியிட்டனர். தகட்டில் இடம் குறைவாயிருந்தமையால் ஒவ்வொரு கட்டுரையையும் எடைபோட வேண்டியிருந்தது. நமக்கு இடம் தாராளமாயிருப்பதால் எடைபோடாமலே ஏற்றிவிடும் சோதனை இருக்கிறது. இணையத்தில் ஒரு கட்டுரையைப் படிப்பவர், அதை யார் எப்பொழுது மாற்றினர், எதைக் குறித்து வாதிட்டனர் என்பதைப் பார்க்கலாம். தவற்றைத் தாமே திருத்தவும் செய்யலாம். நமது கோப்பிலோ வரலாற்றுப் பக்கமும் இல்லை, உரையாடற் பக்கமும் இல்லை. ஒரு சாதியின் பூர்வீகத்தைப் பற்றியோ ஒரு மருந்தின் அளவைப் பற்றியோ அதில் பிழை இருந்தால், வெளியே திருத்தப்பட்ட பின்னும் இங்கே அது அப்படியே நிற்கும். மேலும், ஆலய வளாகத்தில் ஆயர் வைத்த பெட்டி என்பதனாலேயே ஊரார் அதை ஐயுறார். இப்பொறுப்பை ஏற்க மனமில்லாதவர் பெட்டியை வைக்காதிருப்பதே நன்று என்பது நம் கருத்து.

உரிமை பற்றியும் ஒரு சொல். விக்கிப்பீடியாவைப் படியெடுக்க உரிமம் இடந்தருகிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள் 2000-க்கு மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்திற்குக் கிடைத்துள்ளன. அவற்றையும் தயக்கமின்றிச் சேர்க்கலாம். நம் மாணவர் மிகுதியும் நாடும் அண்மைக்கால வேத வியாக்கியானங்களையோ பதிப்பாளரின் இசைவின்றி ஏற்றுதல் தகாது. எழுதிக் கேட்டால் இசைவு தரக்கூடியவர்களும் உண்டு.

பெட்டியின்மேல் கோப்பின் தேதியை எழுதி ஒட்டுக. ஆண்டுக்கொருமுறையேனும் புதிய கோப்பினை ஏற்றுக. பழையதை அழிக்குமுன் புதியது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்க.